களைக்குத் தெரியாத தேதி

ஆற்றுக்களையான வெங்காயத்தாமரை அறிவிப்புப் பலகையைப் படிக்கிறது என்பது உறுதியாக மூன்று வருடம் ஆனது. ஆற்றின் நடுக்கோடுதான் இரண்டு நாடுகளுக்கும் எல்லை. இக்கரையில் செவ்வாயன்று களையெடுப்பு என்றால், திங்களன்றே அது வேரோடு அக்கரைப் பாதிக்கு ஒதுங்கிவிடும். அவர்களுடைய வியாழனுக்கு இங்கே வந்துவிடும். ஒருமுறை இரு கரையும் ஒரே நாளை அறிவித்துப் பார்த்தன. களை முந்தின நாளே ஆற்றின் மேற்பகுதிக்குப் போய்விட்டு மறுநாள் திரும்பியது. வேலைநாளைப் பத்து நாள் முன்பே எழுதி ஒட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒட்டாமல் எடுக்க அனுமதி கேட்ட கடிதம் இன்னும் பரிசீலனையில் இருந்தது.

இக்கரைக் களையெடுப்பு மேஸ்திரியின் அக்கா, அக்கரையில் வாழ்க்கைப்பட்டு அங்கே அதே வேலைக்கு மேஸ்திரி. பாலம் கிடையாது, களையில் படகும் போகாது. ஒன்பது வருடமாக இருவரும் பக்கத்தில் நின்று பேசவில்லை. அம்மா இறந்தபோது தம்பி கரையில் நின்று தகரக் குழல் வைத்துத்தான் சேதி சொன்னார். அக்கா மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டது இங்கிருந்தே தெரிந்தது. அன்றிலிருந்து தம்பிக்குக் களைமேல் தீராத கோபம்.

மறு வருடம் அம்மா இறந்த அதே தேதி, இரு நாட்டிலும் விடுமுறை. பலகையில் ஒன்றும் இல்லை. மேஸ்திரி களை இழுக்கும் வாரியை எடுத்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லியாச்சா?" என்று மனைவி கேட்டார்.

"சொன்னா களை கேட்டுரும். அக்காவுக்குத் தெரியும்."

அவர் மார்பளவு நீரில் இறங்கியபோது, எதிர்க்கரையிலும் ஒரு வாரி உயர்ந்தது. இரு கரை ஆட்களும் பின்னால் இறங்கினார்கள். மேற்பகுதிக்குப் போகக் களைக்கு நேரமில்லை. பதினொரு மணி சுமாருக்கு அது மொத்தமாக நீரைவிட்டு எழும்பி, மாடி வீட்டு உயரத்தில் அந்தரத்தில் நின்றுகொண்டது.

"என்னடா, தலையெல்லாம் நரைச்சுப் போச்சு," என்றார் அக்கா, நடுக்கோட்டில்.

"உனக்கு மட்டும் என்ன வாழுதாம்?"

கழுத்தளவு நீரில் இருவரும் அம்மாவுக்காகச் சேர்ந்து அழுதார்கள். எல்லைக் காவலர்கள் அண்ணாந்து களையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

களை இன்னும் மேலேதான் இருக்கிறது. அதன் நிழல் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற கடிதம் பரிசீலனையில் இருக்கிறது. வேரிலிருந்து சொட்டுவதால் படகில் போகிறவர்கள் குடை பிடிக்கிறார்கள். ஞாயிறுதோறும் அக்கா வருகிறார். வாசலில் குடையை உதறிவிட்டு, நேரே போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார்.