மூடிக்குள் உட்காராத ரப்பர்

எங்கள் வீட்டு ஷெல்ஃபில் என் மகளின் பல்வரிசை இருக்கிறது. நிஜப் பல் இல்லை, வெள்ளை மாவில் வார்த்த அச்சு. என் வீட்டுக்காரர் பல்செட் செய்பவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் பின்னறையில் உட்கார்ந்து வார்த்து, சீவி, பாலிஷ் போட்டுக் கொடுப்பார். ஊரில் பாதிக் கிழங்கள் வாய்விட்டுச் சிரிப்பது இவர் புண்ணியத்தில்தான். "பல்லு போனா சொல்லு போச்சு, சொல்லைத் திருப்பிக் குடுக்கிறவன் நான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்த வாரம், ஆசையாக அவள் பல்லை அச்செடுத்து வைத்தார். வயது இருபத்தைந்து ஆகப் போகிறது, இன்னும் எங்களுக்குப் பாப்பாதான். இப்படி ஒரு வரிசையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லையாம். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

"உயிரோட இருக்கிறவ பல்லை எதுக்குங்க ஷெல்ஃப்ல வெச்சிருக்கீங்க? எடுத்து உள்ள வைங்க."

"உன் நாக்குல சனி. நல்லதா ஒரு வார்த்தை வராதா?"

வராது. நான் தையற்காரி, பிசிறு முதலில் கண்ணில் படும். அந்த அச்சுக்குப் பக்கத்தில்தான் அவருடைய எண்ணெய் பாட்டில்களும் இருந்தன. மூடி இறுக்கமாக இருக்கிற பாட்டிலை அந்த மனுஷன் தூக்கிப் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. கழுவிக் காயவைத்து வேறு எதையாவது ஊற்றி வைப்பார். என்ன ஊற்றினார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் எப்போதும் தெரியாது.

வீடு மேட்டின் உச்சியில். ஆஸ்பத்திரி அடிவாரத்தில். நடுவில் இருக்கும் இறக்கம் வளைந்து வளைந்து போய் நேராக பஸ் நிலையத்தில் முடியும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. பாப்பா அந்தப் பாதையில் எங்கள் பழைய காரை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். 'வந்துட்டேன்மா' என்று போனில் செய்தி வரும்வரை என்னால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

அந்தக் காரில்தான் கிளட்ச் தகராறு வந்தது. பெடலை மிதித்தால் தொளதொளவென்று தரைவரை போனது, கியர் கரகரவென்று பல்லைக் கடித்தது. மெக்கானிக்கிடம் காட்டினோம். மேலே ஒரு சிலிண்டர், கீழே ஒரு சிலிண்டர், நடுவில் குழாய். பெடலை மிதித்தால் எண்ணெய் போய்த் தள்ளும், அப்போதுதான் கிளட்ச் விலகும் என்று அவன் விளக்கினான். குழாயில் காற்று புகுந்துவிட்டது, இரண்டு சிலிண்டரையுமே மாற்றிவிடுவது நல்லது என்றான்.

"ஒரு பல்லு ஆடினா தாடையையே மாத்தச் சொல்றான்" என்று என் வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். "தன் கையே தனக்கு உதவி."

ஞாயிற்றுக்கிழமை காலை காருக்கு அடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். கீழ் சிலிண்டரின் ரப்பரை மாற்றினார். அதுவரை சரி. பிறகு காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட. மிதிக்க நான்.

"மிதி... மிதி... பிடிச்சுக்கோ. விடாத!"

"பிடிச்சுக்கிட்டுதாங்க இருக்கேன்."

"இப்ப விடு. டப்பாவுல எண்ணெய் குறையுது பாரு. ஷெல்ஃப்ல பிரேக் ஆயில் பாட்டில் இருக்கும், எடுத்துட்டு வா பாப்பா."

பாப்பா எடுத்துவந்தாள். அவரே எழுந்து ஊற்றினார். பிரேக் ஆயில் எதற்கு, நாம் கிளட்சைத்தானே பார்க்கிறோம் என்று கேட்டேன். இந்த வண்டியில் இரண்டுக்கும் எண்ணெய் ஒன்று, டப்பாவும் ஒன்றுதான் என்றார். அந்த டப்பாவின் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் குழாய் கிளட்சுக்குப் போகிறது, அடியிலிருந்து பிரேக்குக்குப் போகிறது. ஒரு வயிறு, இரண்டு பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

கிளட்ச் சரியாகிவிட்டது. மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களை நிறுத்திச் சொன்னார். அன்று சாயங்காலம் பாப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வித்தையும் சொல்லிக்கொடுத்தார். என்றைக்காவது கிளட்ச் சுத்தமாகப் போய்விட்டால் பயப்படாதே, எஞ்சினை அணைத்து, முதல் கியரைப் போட்டுவிட்டு, அப்படியே சாவியைத் திருப்பு, வண்டி கிளம்பிவிடும் என்று. அவள் இரண்டு தடவை செய்து காட்டி, அந்த அழகான பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

இரண்டு நாள்தான். பெடல் மறுபடி தொய்ந்தது. மறுபடி பாய், மறுபடி நான், மறுபடி அந்த பாட்டில். இந்த முறை பாப்பா இன்னொன்றும் சொன்னாள்.

"வண்டி முன்ன மாதிரி ஓட மாட்டேங்குதுப்பா. யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு. ஆனா பிரேக் மட்டும் தொட்டாலே பிடிக்குது."

"பார்த்தியா? கிளட்சைத் தொட்டேன், பிரேக்கும் சேர்ந்து கெட்டியாயிடுச்சு."

"கீழ போய் நிறுத்தினா லேசா ஒரு கருகல் வாசனை வருது."

"பழைய வண்டி, நாலு நாள்ல சரியாயிடும்மா."

எனக்கு மனசு ஒப்பவில்லை. கெட்டிப்படுவதெல்லாம் நல்லதற்கா? காய்ச்சல்காரன் உடம்புகூடத்தான் சூடாக இருக்கிறது. ஆனால் எனக்கு கார் ஓட்டத் தெரியாது, வாயை மூடிக்கொண்டேன். என் வாயை நான் மூடிக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு அநேகமாக அதுதான் முதல் தடவை.

எண்ணெய் ஊற்றி முடித்து டப்பாவின் மூடியைப் போடப் பார்த்தார். போக மாட்டேன் என்றது. மூடிக்குள் ஒரு ரப்பர் விரிப்பு உண்டு, அது எப்படியோ பெருத்துவிட்டிருந்தது. ஊறவைத்த அப்பளம் மாதிரி நெளிந்து, ஓரம் வெளியே பிதுங்கியது.

"என்னங்க இது, ஞாயித்துக்கிழமை சரியாத்தானே உட்கார்ந்துச்சு?"

"ரப்பர்னா அப்படித்தான். வெயிலுக்குப் பெருக்கும்."

உள்ளே போய்த் தன் கத்தியை எடுத்துவந்தார். பல்செட் ஈறில் உட்காராவிட்டால் இவர் என்ன செய்வார்? ஓரத்தைச் சீவுவார், போட்டுப் பார்ப்பார், மறுபடி சீவுவார். வாழ்நாளெல்லாம் அதுதான் வேலை. அதே பதவிசோடு ரப்பரின் ஓரத்தை வட்டமாகச் சீவினார். அத்தனை அழகாக வேறு யாராலும் சீவ முடியாது. மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. தரையில் கறுப்புச் சீவல் நகத்துண்டு மாதிரி கிடந்தது. நான்தான் கூட்டி அள்ளினேன். கையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

மறுநாள் மத்தியானம் பாப்பா வேலைக்குக் கிளம்பினாள். கார் வாசலைத் தாண்டும்போது ஒரு முனகல் சத்தம் கேட்டது. நான் அவளுடைய வெள்ளைக் கோட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் பார்த்தால் துணியில் கறுப்புத் தீற்றல். தட்டிவிட்டேன், போகவில்லை. மெஷினைத் தொட்டுப் பார்த்தேன். என் அம்மா கொடுத்த மெஷின், கறுப்புப் பெயின்டில் தங்கக் கொடி போட்டது. அந்தக் கொடி என் விரலோடு வந்துவிட்டது. அடியில் பெயின்ட் கொப்புளித்து, தோல் மாதிரி உரிந்தது.

முந்தாநாள்தான் எண்ணெய் விட்டிருந்தேன். ஷெல்ஃபிலிருந்த மெஷின் ஆயில் பாட்டிலிலிருந்து.

"என்னங்க! இங்க வாங்க! என் மெஷினுக்கு என்ன எழவை வாங்கிட்டு வந்தீங்க?"

கையில் யாருடைய பல்செட்டையோ வைத்துக்கொண்டு வந்தார். மெஷினைப் பார்த்தார். பெயின்டைத் தடவிப் பார்த்தார். ஷெல்ஃபுக்குப் போய் இரண்டு பாட்டிலையும் எடுத்துவந்தார். இரண்டும் ஒரே மாதிரி பிரேக் ஆயில் பாட்டில்தான். மெஷின் ஆயிலைச் சில்லறையாக வாங்கி, காலியான ஒன்றில் ஊற்றி, மேலே பேனாவால் 'மெஷின்' என்று எழுதியிருக்கிறார். எண்ணெய் பட்டு எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது.

இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாட்டிலிலிருந்து கொஞ்சம் விட்டார். நான் மெஷினுக்கு விட்டது தண்ணீரோடு கலந்து காணாமல் போனது. அவர் காருக்கு ஊற்றியது மேலே வட்டமாக மிதந்தது.

"பிரேக் ஆயில் தண்ணியில கரையும், பெயின்டை உரிக்கும். இது மிதக்குது." குரல் அவருடையது மாதிரியே இல்லை. "மெஷின் ஆயிலை ஊத்தியிருக்கேன். அது பட்டா அந்த ரப்பரெல்லாம் ஊதிடும். அதான் மூடி உட்காரல."

"கிளட்ச்தானேங்க போகும்?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வயிறு, இரண்டு பிள்ளை.

போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியதே இவர்தான். பெண் சொன்ன சொல் தவறாதவள். அதற்காகப் பெருமைப்பட்ட வாயால் அன்று அவளைத் திட்டினேன்.

"கிளட்ச்தான் முதல்ல போகும்" என்று ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே சொன்னார். "கியர் விழாது. மேலயே நின்னுருப்பா. எங்கயும் போக முடியாது."

அதை நம்பிக்கொண்டுதான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இறக்கம் தொடங்குகிற இடத்தில் ஒரு பஞ்சர் கடை. கார் அங்கே இல்லை. கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்கதான் சார் நின்னுச்சு. கியரே விழல. ஓரமா தள்ளி விட்டுடுறோம்னு சொன்னோம். 'வேணாம்ணே, எங்கப்பா சொல்லிக் குடுத்திருக்கார்'னு ஆஃப் பண்ணி, கியரைப் போட்டு, சாவியைத் திருப்பிச்சு பாருங்க, வண்டி கிளம்பிடுச்சு. கெட்டிக்காரப் பொண்ணு சார்."

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை இறக்கத்தில் திருப்பினார்.

முதல் வளைவிலேயே கருகல் வாசனை வந்தது. இரண்டாவதில் அதிகமானது. வாசனை எங்களுக்கு வழிகாட்டிக்கொண்டு போனது. ரப்பர் ஊதி, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே போயிருக்கிறது, சூடேறிக்கொண்டே போயிருக்கிறது என்று அவர் காற்றில் கத்தினார். அது நல்லதா கெட்டதா என்று நானும் கத்தினேன். ரொம்பச் சூடானால் எண்ணெய் கொதித்துவிடும், அப்புறம் மிதித்தால் ஒன்றும் இருக்காது என்றார். ஒவ்வொரு வளைவிலும் ஒன்றுமில்லாத பக்கத்தை எட்டிப் பார்த்தேன், உருண்ட கார் ஏதாவது தெரிகிறதா என்று.

கடைசி வளைவைத் தாண்டியதும் கூட்டம் தெரிந்தது.

கார் பஸ் நிலையச் சுவரில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றது. சக்கரத்திலிருந்து புகை வந்தது. பாப்பா நடைமேடையில் உட்கார்ந்திருந்தாள், உயிரோடு. வாயில் யாரோ கொடுத்த துண்டு. துண்டு சிவந்திருந்தது.

"நிக்கலப்பா" என்றாள். "மிதிச்சேன், தரைக்குப் போயிடுச்சு. பஸ்ல இருந்து ஜனங்க இறங்கிட்டிருந்தாங்க. செவுத்துப் பக்கம் திருப்பிட்டேன்."

வார்த்தைகள் காற்றாக வந்தன. ஸ்டியரிங்கில் முகம் மோதியிருந்தது. பழைய வண்டியின் பழைய பெல்ட், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை. மேல் வரிசையில் முன்பற்கள் மூன்றைக் காணவில்லை.

"முதல் கியர்லயே வந்ததால பொழைச்சுச்சு" என்று ஒரு பஸ் டிரைவர் சொன்னார். "அப்பா சொல்லிக் குடுத்ததாம். நல்ல அப்பா சார் நீங்க."

நான் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையும் நாக்கின் நுனியில் இருந்தது. அவர் குனிந்து தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். காருக்கு அடியில், கண்ணாடித் தூளுக்கு நடுவில், முட்டி போட்டுத் தேடினார். வசவை விழுங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பாப்பா கேட்டாள், "நாம கிளட்சைத்தானேப்பா தொட்டோம்?" அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பாட்டில், டப்பா, சீவின ரப்பர், எல்லாம் சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு கண்ணாடி கேட்டாள்.

காயம் ஆறியதும் டாக்டர் அளவெடுத்து அனுப்பினார். வழக்கமாக அனுப்புகிற இடத்துக்குத்தான். என் வீட்டுக்காரர் ஷெல்ஃபிலிருந்து அந்தப் பழைய அச்சை இறக்கி மேஜையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து மூன்று பல் செய்தார். பாப்பா போட்டுப் பார்த்தாள். உட்கார்ந்தது, ஆனால் ஓரத்தில் மயிரிழை தூக்கியது. அவர் அதை வாங்கிச் சுத்தியலால் உடைத்தார். புதிதாக வார்த்தார். அதுவும் தூக்கியது. அதையும் உடைத்தார். மூன்றாவதை உடைக்கப் போனபோது பாப்பா அவர் கையைப் பிடித்தாள்.

"போதும்பா. ஓரத்துல கொஞ்சம் சீவினா சரியா உட்கார்ந்துடும்."

"சீவ மாட்டேன்மா" என்றார். "ஏன் உட்காரலன்னு முதல்ல பார்க்கணும்."

அவள் கையை விட்டுவிட்டாள். இப்போதும் பல் இல்லாமல்தான் வேலைக்குப் போகிறாள், வாயைத் துணியால் மூடிக்கொண்டு, பஸ்ஸில். பின்னறையில் தினமும் சுத்தியல் சத்தம் கேட்கிறது. மேஜை துடைக்கும்போது அந்தப் பழைய அச்சை நானே எடுத்து, ஒரு பல்லும் உடையாமல், பத்திரமாகத் திருப்பி வைக்கிறேன்.