பலவீனங்களை ஐந்து வரிகளில் எழுதுக

சிறு அமைப்புகளைப் பலப்படுத்துவதற்கென்றே ஒரு நிதி இருந்தது. அதை வாங்க வேண்டுமானால் முதலில் நாம் பலவீனமானவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். அதற்காக ரொம்பப் பலவீனமாகவும் இருந்துவிடக் கூடாது. இதுகளுக்குக் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று கையை உதறிவிடுவார்கள். விழுந்தும் விழாமலும் நிற்கிற ஒரு நிலையில் நம்மை நிறுத்திக்கொண்டு, அந்த நிலையை நாற்பது பக்கத்தில் வர்ணிக்க வேண்டும்.

வர்ணித்தவள் தீக்குச்சி. ஆள் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வாள் என்பதால் வந்த பெயர். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சுமை தூக்குகிற அப்பா, கேட்கிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு ஆபீஸ்ல எழுதுற வேலை பாக்குறா" என்பார். என்ன எழுதுகிறாள் என்று யாராவது மேலே கேட்டால், "நிறைய எழுதுறா" என்று முடித்துவிடுவார்.

ஆபீஸ் என்பது மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஆடாமல் நிற்க அட்டை வைத்த ஒரு அலமாரி. உள்ளறையில் இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். மனசு சரியில்லாதவர்கள் வந்து பேசுகிற இடம் அது. உட்கார்ந்து கேட்பவர் நர்ஸக்கா. பெரிய மருத்துவமனையின் மனநல வார்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எல்லாவற்றுக்கும் தலைவர் டிரைவர் ஐயா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி மனசு உடைந்து நாலு வருஷம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தபோது, பேச்சுக் கொடுக்க ஒரு ஆள் கிடைக்காமல் ஊரெல்லாம் அலைந்தவர். இனி ஒருத்தரும் அப்படி அலையக் கூடாது என்று ஆரம்பித்தது இது.

உள்ளறைக்கு நாலு விதி. வந்தவரிடம் பெயர் கேட்கக் கூடாது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. முதல் பேச்சு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். சாத்திய கதவை அவரேதான் திறக்க வேண்டும், வெளியே வானம் இடிந்து விழுந்தாலும் சரி.

இப்போது வானம் ஏறக்குறைய இடிந்துகொண்டுதான் இருந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள், ஒண்ணாம் தேதி வந்து சேரச் சொல்லி. "நிதி வந்தா இருக்கேன். வரலைன்னா போயிடுவேன். என் வீட்லயும் அடுப்பு எரியணும்ல?" என்று அக்கா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அக்கா போனால் இரண்டு நாற்காலியில் ஒன்று காலி. அப்புறம் மிச்சம் இருப்பது வெறும் ஜன்னல்.

எனவே தீக்குச்சி மூன்று மாதம் படிவத்தோடு மல்லுக்கட்டினாள். "உங்கள் அமைப்பின் பலவீனங்களை ஐந்து வரிகளில் எழுதுக" என்று ஒரு கேள்வி.

"ஐயா, நம்ம பலவீனம் என்னன்னு சொல்லுங்க."

டிரைவர் ஐயா யோசித்தார். "முட்டி வலிம்மா. ரெண்டு காலும்."

"உங்களுது இல்லைய்யா. அமைப்போடது."

"அமைப்பே நான்தானேம்மா."

அடுத்த கேள்வி, "தலைவருக்குப் பின் பொறுப்பேற்பவர் யார்?" அதைப் படித்துக் காட்டியதும் அவர் முகம் சுண்டிப்போனது. "நான் இன்னும் சாகலையே. அதுக்குள்ள என்ன அவசரம் அவங்களுக்கு?" என்றவர், அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. உளநலத்துக்காக நடத்துகிற இடத்தில் தலைவருக்கே மனசு சரியில்லை என்றால் அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

ஒருவழியாக விண்ணப்பம் முதல் வடிகட்டலில் தப்பியது. மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வருவார், செவ்வாய்க்கிழமை பதினோரு மணி என்று கடிதம் வந்தது. அவர் எழுதுகிற அறிக்கைதான் முடிவு.

செவ்வாய்க்கிழமை காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தீக்குச்சி கடைசி நேரத்தில் வண்ணத்தில் பிரிண்ட் எடுக்க ஓடினாள். டிரைவர் ஐயா இஸ்திரி போட்ட சட்டையோடு கீழே வாசலில் குடை பிடித்து நின்று, நின்ற கார்களையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்தபோது உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. யாரோ வந்திருக்கிறார்கள். நல்லதுதான், வருகிறவர் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று சந்தோஷப்பட்டாள்.

அடித்து வைத்தாற்போல் பதினோரு மணிக்குப் படியேறி வந்தார் ஒருவர். பின்னாலேயே குடையை மடக்கியபடி டிரைவர் ஐயா. வந்தவருக்கு மடிப்புக் கலையாத சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். வாசலிலேயே நின்று அறையைச் சுற்றிலும் அளப்பதுபோல் பார்த்தார்.

"வாங்க சார், வாங்க! உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

"எனக்காகவா?" அந்த மனிதர் திடுக்கிட்டார்.

"பின்னே! மூணு மாசமா!"

அவரை உட்கார வைத்து, கம்ப்யூட்டரைத் திருப்பி, தீக்குச்சி ஆரம்பித்தாள். முப்பத்திரண்டு பக்கப் படக்காட்சி. நோக்கம், தொலைநோக்கு, குறிக்கோள் ஒன்று முதல் ஏழு வரை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எட்டாவது பக்கத்தில் மெதுவாகக் கை தூக்கினார்.

"இங்க வர்றவங்களுக்கு என்னங்க பண்ணுவீங்க?"

"சமூகப் பங்கேற்புடன் கூடிய உளநல இடையீடு சார்."

"வலிக்குங்களா?"

நகைச்சுவை உணர்வுள்ள மதிப்பீட்டாளர்! தீக்குச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். டிரைவர் ஐயாவும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார். வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"சராசரியா ஆறு அமர்வு. எழுபத்தொரு விழுக்காடு முன்னேற்றம். இதோ பாருங்க, இந்த நீலக் கோடு."

"மிச்சம் இருபத்தொன்பது பேரு?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராகவே இருந்தாள். "அது ரெண்டாம் கட்டத்துல வரும் சார்."

அவர் முகம் வாடியது. கொஞ்ச நேரம் நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டுக்குத் தெரியாம வரலாங்களா?" என்றார்.

"தகவல் பாதுகாப்புக் கொள்கை, பின்னிணைப்பு மூணு!" என்று அவள் அவர் கையில் ஒரு கட்டைத் திணித்தாள். மனிதர் பின்னிணைப்பு மூன்றை ஒரு வரி விடாமல், உதடு அசைய அசையப் படித்தார். எவ்வளவு நுணுக்கமான ஆள் என்று தீக்குச்சி வியந்துபோனாள்.

இருபத்தாறாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நிதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் குரல். "எங்க மதிப்பீட்டாளர் போனை எடுக்கவே மாட்டேங்கிறாரு. அங்க வந்து சேர்ந்துட்டாரா?"

"வந்துட்டாரே! எதிர்லயே இருக்காரு, இதோ தர்றேன்."

அந்த மனிதர் ரிசீவரைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தார். "ஹலோ... இல்லீங்க. நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க."

 தீக்குச்சி ரிசீவரைப் பிடுங்கி, கூப்பிடுகிறேன் என்று எதையோ உளறி வைத்தாள். மேசையில் திறந்து கிடந்த ஃபைலைப் பார்த்தாள். மருத்துவமனைச் சீட்டுகள். கடைசிச் சீட்டில் அவர்கள் முகவரியை யாரோ பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். உதவி கேட்டு வந்த ஒரு மனிதருக்கு நாற்பத்தைந்து நிமிஷம் நீலக் கோடு காட்டியிருக்கிறாள்.

"அப்ப மதிப்பீட்டாளர் எங்கம்மா?" என்றார் டிரைவர் ஐயா.

மூவரும் ஒரே சமயத்தில் உள்ளறைக் கதவைப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே, அலமாரி மறைவில், ஈரம் காயாத ஒரு குடை சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு தோல் பை. பையின் மேல் நிதியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

தீக்குச்சி கதவை நோக்கிப் பாய்ந்தாள். டிரைவர் ஐயா முட்டி வலியை மறந்து குறுக்கே விழுந்தார்.

"தட்டாதம்மா!"

"ஐயா, அவரு நம்மளைப் பரிசோதிக்க வந்தவரு!"

"யாரா இருந்தா என்ன? உள்ள போயிட்டாருல்ல? அவரா திறந்தாத்தான்."

"இந்த விதியெல்லாம் யாரு எழுதினது?"

"நீதாம்மா. விண்ணப்பத்துல, பக்கம் பதினொண்ணு."

கதவு திறந்தபோது பன்னிரண்டரை. முதலில் வந்தவர் மதிப்பீட்டாளர். ஈரச் சட்டை உடம்பிலேயே காய்ந்திருந்தது. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. முகம் மட்டும் பாரம் இறக்கி வைத்தவர் முகம்போல் தெளிந்திருந்தது. பின்னால் வந்த நர்ஸக்கா எல்லோருடைய முழியையும் பார்த்து, "என்னாச்சு?" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். அவர் வந்த கார் மழையில் நின்றுவிட, குடையையும் மீறி நனைந்துகொண்டே நடந்து பின்பக்கப் படி வழியாக வந்திருக்கிறார். "கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டேன்" என்றிருக்கிறார். "சீக்கிரம் வந்ததுதான் நல்லது. நிறையப் பேரு முத்தவிட்டுத்தான் வர்றாங்க" என்று அக்கா நாற்காலியைக் காட்டியிருக்கிறார். பிறகு விதிப்படி ஒன்றும் கேட்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த மௌனத்தை மனிதர் மூன்று நிமிஷம் தாங்கினார். அதற்கப்புறம் அணை உடைந்துவிட்டது.

"நான் யாருன்னு சொல்லியிருக்கணும்" என்றார் மதிப்பீட்டாளர், கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தபடி. "சொல்ல வாயெடுத்தேன். வேற என்னமோ வந்துடுச்சு."

பிறகு தோல் பையிலிருந்து தன்னுடைய படிவத்தை எடுத்தார். முதல் பக்கத்தைப் பார்த்ததும் அவர் கை நின்றது. "விண்ணப்பித்த அமைப்பின் சேவையை நீங்கள் எப்போதேனும் பெற்றதுண்டா? ஆம். இல்லை."

"இல்லைன்னு போடுங்க சார்" என்றாள் தீக்குச்சி. "நீங்க சேவையா வாங்கினீங்க? சும்மா பேசிக்கிட்டிருந்தீங்க."

"சும்மா பேசினாரா?" நர்ஸக்கா நிமிர்ந்தார். "அதைத்தானே நாப்பது பக்கத்துக்கு எழுதி வச்சிருக்க?"

"அக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

"ஆம்னு போட்டா காரணம் எழுதணும்" என்றார் மதிப்பீட்டாளர். "ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்க." அவர் பேனா, 'இல்லை' என்ற கட்டத்துக்கு மேல் போய் நின்றது. "போட்டுடறேன். நல்லாவே எழுதுறேன். ஆனா..." நர்ஸக்காவைப் பார்த்தார். "அடுத்த செவ்வாய்க்கிழமை வரேன்னு சொன்னேன்ல? வர முடியாது. மதிப்பிட்ட இடத்தோட ரெண்டு வருஷத்துக்கு எந்தத் தொடர்பும் வச்சுக்கக் கூடாது."

"சரிப்பா" என்றார் நர்ஸக்கா. அவர் குரலில் ஒன்றும் இல்லை. ஆனால் பார்வை அந்த மனிதரின் முகத்தை விட்டு நகரவில்லை.

 மதிப்பீட்டாளர் ஒரு சின்னக் கோடு இழுத்தால் போதும் என்று தீக்குச்சிக்குத் தெரியும். நிதி வரும், அக்கா இருப்பார், கதை சுபம். இந்த நாட்டிலேயே அந்த நிதியின் விதிமுறைப் புத்தகத்தை முழுசாகப் படித்த ஒரே பிறவி அவள்தான். எழுதியவனே படித்திருக்க மாட்டான். முப்பத்தெட்டாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

வாயை மூடிக்கொண்டிருப்பதில் அவளுக்கு என்றைக்குமே பழக்கம் கிடையாது.

"நிறுத்துங்க சார்!" என்று கத்தினாள். பேனா துள்ளிக் கீழே விழுந்தது. "பக்கம் முப்பத்தெட்டு. விண்ணப்பிச்சவங்க ஒரு தடவை மதிப்பீட்டாளரை மாத்தச் சொல்லிக் கேக்கலாம். காரணம் சொல்லவே வேண்டாம். நாங்க மாத்தச் சொன்னா நீங்க எதையும் நிரப்ப வேண்டியதில்லை. எப்ப வேணா இங்க வரலாம்."

"அதுல என்னம்மா கஷ்டம்?" என்றார் டிரைவர் ஐயா.

"விண்ணப்பம் அடுத்த சுத்துக்குப் போயிடும். மூணு மாசம்."

 அக்காவின் ஒண்ணாம் தேதி எல்லோர் மண்டையிலும் ஓடியது. மதிப்பீட்டாளர், "வேண்டாம்மா, எனக்காக நீங்க..." என்று இழுத்தார்.

"உங்களுக்காகன்னு யாரு சொன்னது?" தீக்குச்சி சீறினாள். "உங்க சட்டை எனக்குப் பிடிக்கலை. அதனால மாத்தறேன்."

நாற்காலியை இழுத்துப்போட்டு, வெள்ளைத் தாளை எடுத்து நாலு வரி எழுதினாள். காகிதம் கிழியும்படி அழுத்தி எழுதினாள். டிரைவர் ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மதிப்பீட்டாளர் நிரப்பாத படிவத்தைப் பையில் வைத்தார். எல்லோரையும் பார்த்து ஒருமுறை தலையைத் தாழ்த்திவிட்டு, பின்பக்கப் படி வழியாகவே இறங்கிப் போனார்.

"சந்தோஷமா?" என்று தீக்குச்சி அக்காவிடம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அதற்கும் கோபம்தான் வந்தது. "போங்க. போய் அந்த இல்லத்துல சேருங்க. இங்க கதவைச் சாத்திடலாம்."

"அங்க வாரத்துல நாலு நாள் மட்டும் வரேன்னு கேட்டுப் பாக்குறேன்" என்றார் நர்ஸக்கா. "ஒத்துக்குவாங்க, அவங்களுக்கும் ஆள் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் இங்க இருப்பேன். மத்த நாளைக்கு நீ உக்காரு."

"நானா? நான் எழுதுறவக்கா."

"போன வருஷம் என்கிட்ட பயிற்சி எடுத்தியே?"

"அது அறிக்கையில காட்டுறதுக்கு!"

"காட்டினியா?"

"காட்டினேன்."

"அப்ப செய்."

மேசைக்கு எதிரே நாற்காலி கிரீச்சிட்டது. லிஃப்ட் மெக்கானிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் அங்கேயேதான் இருந்தார். இவ்வளவு நேரமும் சண்டையை ஒன்று விடாமல் பார்த்திருக்கிறார். எழுந்து, "நான் வேணா இன்னொரு நாள் வர்றேங்க" என்றார்.

"ஐயோ, போயிடாதீங்க" என்றாள் தீக்குச்சி. பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் உள்ளறையைக் கையால் காட்டினாள். நர்ஸக்கா சோம்பல் முறித்துக்கொண்டு, தேநீர் குடிக்கக் கீழே போய்விட்டார்.

கதவைச் சாத்தினாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பெயர் கேட்கக் கூடாது. காரணம் கேட்கக் கூடாது. தீக்குச்சிக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. மன்னிப்புக் கேட்கலாமா? அதுவும் கூடாது, முதல் பேச்சு அவருடையது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு நிமிஷம். இரண்டு. பிறந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை.

மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் லிஃப்ட்டுல ஏறி ஒரு வருஷம் ஆச்சுங்க" என்றார். "இருபத்திரண்டு மாடிக் கட்டடம். ரிப்பேருன்னு கூப்பிட்டா படியிலதான் ஏறுவேன். உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

தீக்குச்சியின் வாயில் பதினேழு கேள்விகள் வந்து முட்டின. பல்லைக் கடித்து அத்தனையையும் விழுங்கினாள்.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "சிரிக்கலையா நீங்க?" என்றார். கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மிச்சத்தையும் சொல்ல ஆரம்பித்தார்.