புது கம்பைலரும் நாகம்மாள் வயலும்

கரியமாணிக்கத்தில் ஒரு பொது போர்வெல்லை நம்பிப் பதினெட்டு வயல்கள் இருக்கின்றன. எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று இரண்டு வருஷமாக வாராவாரம் சொல்வது ஹேமலதா எழுதிய புரோகிராம். மண், பயிரின் வயது, மின்சாரம் வரும் நேரம் என எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதால், அவள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது ஓடி முடிய நாற்பது நிமிடம் ஆகும்.

தம்பி வீரமணிக்குப் புதுச்சேரியில் மென்பொருள் வேலை. எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலரில் புதிதாக ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து போட்டான். ஆறு நிமிடத்தில் பட்டியல் வந்துவிட்டது.

“ஒரு எழுத்துகூட மாத்தல. அப்புறம் எப்டிடா இவ்ளோ வேகம்?”

“இது வேலைய நல்லா செய்யுதுக்கா.”

“பாதிய செய்யாம வுட்டாலும் சீக்கிரந்தான் முடியும்.”

பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பதினேழு வயல்களுக்கு வித்தியாசமில்லை. நாகம்மாள் வயலுக்குப் பழையது மூன்று மணி நேரம் என்றது, புதியது ஏழு என்றது.

“பாத்தியா? இத மொதல்ல எடு.”

“கையால கணக்கு போட்டுப் பாருக்கா. அப்புறம் எடுக்கலாம்.”

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஐந்து மணி நேரம் வந்தது. மறுபடி போட்டாள். அதே ஐந்து. அப்படியென்றால் இரண்டு பட்டியலுமே தப்பு. அதற்கு மேல் சந்தேகப்பட அவள் எழுதியது மட்டும்தான் மிச்சம்.

ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தாள். நாகம்மாள் வயலுக்கு மட்டும் மண் வகை குறிக்கப்படவில்லை. அப்படி விட்டுப்போனால் எந்த அளவை எடுத்துக்கொள்வது என்று புரோகிராமில் அவள் எழுதவே இல்லை. பழைய கம்பைலரில் முந்தைய வயலின் களிமண் அளவு அந்த இடத்தில் தங்கியிருந்தது. புதியதில் ஏதோ ஒரு குப்பை எண். நாகம்மாளுடையது களிமண்ணைவிட அதிகத் தண்ணீர் கேட்கும் மணல் பாங்கான நிலம்.

மறுநாள் காலையில் வயலுக்கே போனாள்.

“அத்தை, ரெண்டு வருஷமா உங்களுக்குத் தண்ணி கொறைவா வந்துருக்கு. தப்பு என்னுது.”

நாகம்மாள் களைக்கொட்டைக் கீழே வைத்தாள். “அப்ப வாய்க்கால யாரும் திருப்பலியா?”

“இல்ல அத்தை.”

“மேல வயக்காரன் மணிபாரதிதான் திருப்புறான்னு நெனச்சேன். அவங்கிட்ட பேசறதே இல்ல. அவன் பொண்ணு கல்யாணத்துக்குகூட போவல.” வரப்பில் ஏறினாள். “அவன் வூட்டுக்கு நீயும் வா. நான் மட்டும் போயி இன்னான்னு சொல்றது?”

மணிபாரதி வாசலில் உட்கார்ந்திருந்தார். ஹேமலதா நடந்ததைச் சொல்லி முடித்தாள். அவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை நாகம்மாள் பக்கம் நகர்த்தினார்.

“உக்காரு,” என்றார்.

புரோகிராமைத் திருத்தியபின் ஹேமலதா பதினெட்டு வயல்களையும் கையால் போட்டாள். இரண்டு கம்பைலரிலும் ஓட்டினாள். மூன்றும் ஒத்துவந்த பிறகுதான் புதியதற்கு மாறினாள். பழையதை இன்னும் நீக்கவில்லை.