கை மூடிய இடம்

மூன்று வயது மகளின் அழுகையை ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர் இடது கை விரல்களைக் குவித்து நிறுத்தினார். அன்றோடு அவள் குரலே நின்றுபோயிற்று. வேண்டுமென்று செய்ததில்லை. அத்தனை வாத்தியங்களையும் ஒரே நொடியில் அடக்கும் சைகை அது, தொழில் பழக்கம். ஒத்திகைக்குக் கிளம்பியவரை மறித்துக் குழந்தை “அப்பா, போகா” என்று இழுத்தது. கை தானாக மூடிக்கொண்டது. மிச்ச எழுத்து வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. மருத்துவர்கள் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

அதே குழுவில், வயலினுக்கு அக்கா மாதிரி சற்றுப் பெரிதான வயோலா வாசித்த மனைவிக்குத்தான் விஷயம் விளங்கியது. “நிறுத்துனது நீங்க. நீங்களே எடுத்துக் குடுத்தாதான் அவ ஆரம்பிப்பா” என்றாள். தினமும் காலையில் அவர் மகளுக்கு எதிரே நின்று கையை உயர்த்துவார். அவள் மூச்சை இழுத்துக் காத்திருப்பாள். ஒன்றும் வராது. அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் திராணி இல்லை. கை காற்றில், கண் தரையில்.

வேலையிலும் அதே கதைதான். உயிரோடிருப்பவர்கள் எழுதிய இசையைத்தான் நடத்துவேன் என்று, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். புது இசையை யார் மனப்பாடம் செய்வது? இசைக்குறிப்புத் தாளில் புதைத்த தலை நிமிராது. கண்ணால் கூப்பிடாமல் கையை மட்டும் ஆட்டினால் நாங்கள் எப்படி நுழைவது என்று முரசுக்காரர் புலம்புவார். பாதி அரங்கம் எழுந்து போகும். பஸ்ஸுக்குக் கண்டக்டராகப் போயிருந்தால் டிக்கெட்டாவது கிழித்திருக்கலாம் என்றான் மச்சான்.

மனைவி, மகள் குரலை மறுபடி கேட்காமலே செத்துப்போனாள். அன்று மாலையும் அவர் மேடையேறினார். “எழுதுனவன் உயிரோட காத்துக்கிட்டிருக்கானே” என்றாராம். பாவி மனுஷன்! அம்மாவின் நாற்காலியில், அம்மாவின் வயோலாவோடு, அம்மாவிடமே கற்று வளர்ந்த மகள் உட்கார்ந்தாள். வருடங்கள் ஓடின. விருதுகள் வந்தன. அப்பா நிமிராததால், எங்கே நுழைவதென்று பக்கத்திலிருப்பவரின் வில்லைப் பார்த்தே அவள் காலத்தை ஓட்டினாள்.

கடைசிக் கச்சேரியில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்து உடைந்தது. வெள்ளெழுத்துக்காரருக்கு முன்னாலிருந்த தாள் வெறும் புகையாயிற்று. தூரத்து முகங்கள்தான் தெளிவாகத் தெரிந்தன. வயோலாக்கள் நுழையும் இடம். வேறு வழியில்லாமல் நிமிர்ந்தார். மகளின் கண்ணைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

நரைக்கத் தொடங்கிய அந்தப் பெண்ணின் வாயிலிருந்து, மூன்று வயதுக் குரலில், “தே” என்றொரு எழுத்து வந்தது. பின்னாலேயே விட்ட இடத்திலிருந்து அழுகை. பழக்கதோஷம், அவருடைய இடது கை எழும்பிற்று. அதை வலது கையால் பிடித்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். அன்று ஒருவரும் எழுந்து போகவில்லை. படைப்பின் முடிவு சற்று நீளம் என்று மறுநாள் பத்திரிகை எழுதியது.

அவள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். தெருவுக்குப் பழகிவிட்டது, ஜன்னலைச் சாத்துவதுகூட இல்லை. கண்டக்டர் பைக்குள் கையை வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதன்பின் அவர் எங்கும் போகவில்லை.