சாம்பலில் புதைத்த எஞ்சின்

சென்னிமலை கட்டிலில் விழுந்து எட்டு மாதம் ஆன பிறகு, கமலவேணி வீட்டிலிருந்த ஒரே கறவை எருமையைக் கொடுத்துவிட்டு ஓர் ஓட்டை வேனை வாங்கிவந்தாள். மோகனூருக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் அன்றைக்கு வேறு பேச்சில்லை. புருஷனுக்குக் கால் போச்சு, பொண்டாட்டிக்குப் புத்தி போச்சு என்றார்கள்.

கால் போனது உண்மைதான். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சென்னிமலை பன்னிரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். எழுபத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் ஜாக்கி வழுக்கி, லாரியின் பின்னச்சு அவன் வலது காலின் மேல் இறங்கிவிட்டது. முழங்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஏதோ பேசினான். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்ட நாளிலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஊட்டினால் தின்றான், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

தை மாதத்தில் ஒரு நாள் பதினாறு வயது மகள் பாவாயி, அப்பனின் தலையணையைத் தட்டிப் போடப்போனவள், அதற்கடியில் பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்துப் புட்டியைக் கண்டாள். எப்போது இறங்கினான், எப்படித் தவழ்ந்து போய் எடுத்துவந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. புட்டியைக் கொண்டுபோய் மண்ணில் புதைத்தாள் கமலவேணி. அன்றிலிருந்து தன் முந்தானை நுனியை அவன் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் படுத்தாள். அவன் அசைந்தால் முழித்தாள். அசையாவிட்டால் மூச்சு இருக்கிறதா என்று பார்க்க முழித்தாள்.

அந்த வேன் சின்னண்ணன் என்கிற தோட்டத்துக்காரருக்குச் சொந்தமானது. வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய அப்பா வாங்கியது. இருபது வருஷமாகத் தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் நின்று துருவேறி, உள்ளே கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கல்யாணமான புதிதில் அந்தத் தோட்டத்து வழியாக நடந்து போகும்போது சென்னிமலை அதன் பானெட்டைத் தட்டிக்கொடுத்து, "இதை ஒரு நாளைக்கு எழுப்பிப் பாக்கோணும் புள்ளே" என்று சொன்னது கமலவேணிக்கு எப்படியோ ஞாபகம் வந்தது. சொன்னவனே மறந்திருப்பான். ஆனால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் அவள் கைக்கு எட்டவில்லை.

"ஏனுங்க பெரியப்பா, அந்த வேனை எனக்குக் குடுத்துருங்க. எருமையைப் புடிச்சுக்குங்க."

சின்னண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பால் குடுக்கற உருப்படியைக் குடுத்துப்போட்டு ஊட்டுல மோருக்கு என்ன சாமி பண்ணுவே?"

"மோரில்லாம இருந்துக்கலாமுங்க" என்றாள்.

பரமத்தியிலிருந்து அவளுடைய அண்ணன் கந்தப்பன் இரண்டு ஜோடி மாடுகளோடு வந்து வேனை இழுத்துவந்தான். கட்டிலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வாசலுக்கு நேராக நிறுத்தச் சொன்னாள். சென்னிமலை ஒரு தரம் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பதினோரு நாள் அப்படியே போயிற்று. எருமைத் தொட்டி காலியாகக் கிடந்தது. கேழ்வரகுக் களிக்கு மோரில்லாமல் வெறும் புளித்தண்ணியை ஊற்றிக் குடித்தார்கள். தப்புப் பண்ணிவிட்டோம் என்று கமலவேணிக்கு நன்றாகவே தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள், சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டாமல், அண்ணனையும் மகளையும் கூட்டிக்கொண்டு இடதுபக்கத்து முன்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். நட்டு அசையவே இல்லை. கந்தப்பன் ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்று மிதித்தான். இரும்பு கிறீச்சென்று கத்தியது.

"எந்தக் கேனையன்டா அது!"

மூன்று பேரும் உறைந்துபோனார்கள். வீட்டுக்குள்ளிருந்து வந்த குரல் துருப்பிடித்துக் கரகரத்தது.

"எடப்பக்கத்து நட்டு அத்தனையும் எதிர்த்தாப்புல திருப்போணும்! மரையைத் தின்னுபோட்டு நிக்கறீங்களேடா!"

கந்தப்பன் குழாயை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தான். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை சென்னிமலை இரண்டு கைகளையும் ஊன்றிக் கட்டிலை விட்டு இறங்கி, வாசற்படி வரைக்கும் வந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு வேன் வரைக்கும் வந்தான். பிறகு வேனுக்கடியிலேயே கோணிச்சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் வேலை சொன்னான். துருவைச் சுரண்டுவது கமலவேணிக்கு. செங்கல் துண்டை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அவளது விரல்நுனிகளில் ரேகையே இல்லாமல் போயிற்று. கை நுழையாத சந்துகளில் பாவாயியின் மெல்லிய கை நுழைந்தது. வேலைக்கென்று அங்கேயே தங்கிவிட்ட கந்தப்பன் ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலம் போய், பழைய இரும்புக் கடை வைத்திருந்த கரீம் பாஷாவிடமிருந்து சாமான் கொண்டுவந்தான். பாஷா பட்டறைக் காலத்திலிருந்தே சென்னிமலைக்குப் பழக்கம். அவன் மறுபடி ஸ்பானர் பிடித்திருக்கிறான் என்று கேட்டவுடனே, வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

எஞ்சின் பிஸ்டன்கள் துருவில் ஒட்டிக் கிடந்தன. பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டைகளில் சீமெண்ணெயை ஊற்றி ஊற விட்டார்கள். தினமும் காலையில் கந்தப்பன் வேனுக்கு முன்னால் நின்று, எஞ்சினைச் சுற்றுகிற ஹேண்டிலை அழுத்துவான். ஒன்பதாம் நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று சென்னிமலை களியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றான்.

ஆனாலும் கமலவேணி முந்தானையை அவிழ்க்கவில்லை. நாலு நாள் கத்தி வேலை வாங்குகிறவன், ஐந்தாம் நாள் எழுந்திருக்காமல் கிடந்தான். அவன் தேறுகிறான் என்று நம்பவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சித்திரைக் கடைசியில் எஞ்சினைக் கூட்டிவிட்டு, சரிபார்க்க ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நாலு குடம் இறங்கிற்று. ஐந்தாவது குடத்தில் பாவாயி, "அப்பா, இங்க அழுவுதுங்க" என்றாள். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குத் தண்ணீர் கசிந்தது. சென்னிமலை துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தான்.

"வெடிச்சுக் கெடக்குது. எவனோ தண்ணியில்லாம ஓட்டியிருக்கறான்" என்றான். துணியை மடித்துப் பானெட்டின் மேல் வைத்தான். "செத்தது. இனி ஒண்ணும் ஆவாது."

குரலில் கோபமில்லை. அதுதான் கமலவேணியைப் பயமுறுத்திற்று.

மறுநாள் உச்சிவேளையில், கமலவேணி கந்தப்பனைப் பரமத்திக்குப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது கட்டில் காலியாக இருந்தது. பாவாயி புறக்கடை அடுப்பில் சோளம் வேகவைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரியவில்லை. கமலவேணி ஓடினாள். வரப்பில் பாதி வழியில் அவனுடைய கக்கத்துக் கட்டை கிடந்தது. அதற்கப்பால் செம்மண்ணில் இழுபட்ட தடம், நேராகக் கிணற்றுக்குப் போயிற்று.

கிணற்றுப் படிக்கட்டில் மூன்றாவது படியில் அவன் உட்கார்ந்திருந்தான். கீழே தண்ணீர் பச்சையாக இருந்தது. மகளைக் கூப்பிடலாமென்று கமலவேணி வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இறங்கிப் போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது.

"எதுக்குப் புள்ளே வந்தே?"

அவளுக்கு அழுகை வரவில்லை. எட்டு மாதம், பத்து மாதம் என்று சேர்ந்திருந்த களைப்பு மட்டும் முதுகெலும்பு முழுக்க இறங்கியது.

"நீங்க சாவக்கூடாதுன்னு சொல்றதுக்கு வரலீங்க" என்றாள். "சொல்லிச் சொல்லி எனக்குச் சலிச்சுப்போச்சு. நான் தூங்கி எத்தனை நாளாச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? கண்ணை மூடுனா புட்டி தெரியுது. மூடாம இருந்தா உங்க மூச்சை எண்ணிக்கிட்டுக் கெடக்கறேன். எனக்கு ஒரே ஒரு பொழுது தூங்கோணுமுங்க. நான் முழிக்கறப்ப நீங்க இருப்பீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரு பொழுதுக்குப் போதும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

சென்னிமலை அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, முப்பத்தைந்து வயதில் ஐம்பது வயதுக்காரியாக இருந்தாள். இத்தனை மாதத்தில் அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

"கட்டை எங்க போட்டேன்?" என்றான்.

"வரப்புல கெடக்குது."

"எடுத்துட்டு வா. மேல ஏறோணும்."

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு, அவன் கீழே தரையில் சாய்ந்து உட்கார்ந்தான். "இருக்கறேன். தூங்கு" என்றான். அவள் முந்தானையை முடியாமல் படுத்தாள். முழித்தபோது மறுநாள் வெயில் முதுகில் அடித்தது. திடுக்கிட்டு எழுந்தாள். அவன் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"பாவாயியைப் பரமத்திக்கு அனுப்பியிருக்கறேன், மச்சானைக் கூட்டியாரச் சொல்லி" என்றான். "கரீம் பாய்கிட்ட ஒரு ரோசனை கேக்கோணும்."

மூன்றாம் நாள் கரீம் பாஷாவே வெல்டிங் கேஸ் சிலிண்டரோடு வந்து இறங்கினார். வெடிப்பைப் பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"வார்ப்பிரும்பு தங்கச்சி. சும்மா சூடு காட்டினா இன்னும் ரெண்டு இடத்துல வெடிச்சுக்கும். மொத்தப் பிளாக்கையும் கரி நெருப்புல போட்டுச் செவக்கக் காய வெச்சு, அந்தச் சூட்டுலயே பித்தளையை உருக்கி விடணும். அப்புறம் சாம்பல்ல புதைச்சு வெச்சு மெல்ல மெல்ல ஆற விடணும். நடுவுல காத்துப் பட்டுதோ, போச்சு."

"பட்டறையில செய்யறதை ஊட்டுல செய்ய முடியுமாங்க?"

"நாலு பேரு ஒரே மனசா நின்னா முடியும். பலிக்குமான்னு கேக்காதீங்க. அது அல்லாவுக்குத்தான் தெரியும்."

கமலவேணி கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பொண்டாட்டிக்குப் புத்தி போச்சு என்று சொன்ன வீட்டுப் படிகளிலேயே நின்று, "அடுப்புச் சாம்பல் இருந்தாக் குடுங்க" என்று கேட்டாள். கேலி பண்ணினவர்களும் அள்ளிக் கொடுத்தார்கள். எட்டுக் கூடை சேர்ந்தது.

விடிந்தும் விடியாமல் வாசலில் குழி வெட்டி, எஞ்சினிலிருந்து பிரித்தெடுத்த பிளாக்கைக் கந்தப்பனும் பாஷாவும் இறக்கினார்கள். சுற்றிலும் கரி. பாவாயி துருத்தி ஊதினாள். சென்னிமலை குழி விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு இரும்பின் நிறத்தையே பார்த்திருந்தான். "அவசரப்படாதே. இன்னம் கொஞ்சம்... அந்தப் பக்கம் கரி போடு... போதும்." நாலு மணி நேரம் கழித்து அது அடர்ந்த சிவப்பில் நின்றது. பாஷா வெல்டிங் குழாயைப் பிடித்தார். பித்தளை உருகி வெடிப்புக்குள் மஞ்சளாக ஓடிற்று. வெந்த தோலோடு எல்லோருமாகச் சாம்பலைக் கொட்டி மூடினார்கள்.

இரண்டு நாள் யாரும் அதைத் தொடக்கூடாது. மேட்டின் பக்கத்திலேயே சென்னிமலை சாக்கை விரித்துக்கொண்டான். கமலவேணி சோற்றை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். இது தேறாவிட்டால் அவன் மறுபடி எங்கே போவான் என்பதை அவள் அறிவாள். அவனும் அறிவான். சாம்பல் மேடு உள்ளுக்குள் கணகணத்துக்கொண்டிருந்தது. ஏதாவது 'டிங்' என்று வெடிக்கிற சத்தம் வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள் தோண்டி எடுத்துக் கழுவினார்கள். வெடிப்பு போன வழியெல்லாம் பித்தளைத் தழும்பு. பாவாயி குடம் குடமாக ஊற்றினாள். ஐந்து, ஆறு, ஏழு. தழும்பின் கடைசியில் ஒரு முத்துத் தண்ணீர் கோத்தது. முத்து விழுந்தது. இன்னொன்று கோக்க வெகுநேரம் ஆயிற்று.

"ஒழுகுதே" என்றான் கந்தப்பன், முகம் செத்துப்போய்.

"ஒழுவட்டும் மச்சான். ஊத்திக்கலாம்" என்றான் சென்னிமலை.

எஞ்சினை வேனில் ஏற்றிப் பூட்ட இருபது நாள் பிடித்தது. ஆனி மாதத்தில் ஒரு காலை, கந்தப்பன் தோள் கழன்றுவிடும்போல ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி ஓய்ந்த நேரத்தில், அது இருமியது. மறுபடி சுற்றினான். ஊரே மறையும்படி கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. பாவாயி கைகொட்டிச் சிரித்தாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சென்னிமலை மட்டும் சிரிக்கவில்லை. கீழே மூன்று மிதிகளையும் பார்த்தான்.

"இத்தனையும் பண்ணிப்போட்டு, இதை என்னால ஓட்ட முடியாது புள்ளே" என்றான் மெதுவாக. "எனக்கு முதல்லயே தெரியும்."

கமலவேணி மறுபக்கமாகச் சுற்றிவந்து கதவைத் திறந்து ஏறி, அவனோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"எந்த மிதி என் பக்கம் இருக்குது?"

"கிளச்சு."

"அதை நான் மிதிக்கறேன். மீதியை நீங்க பாத்துக்குங்க."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருந்தது. அதை இழுத்தால் வேகம் கூடும். மிச்சமிருந்த இடது காலைப் பிரேக்கின் மேல் வைத்தான். "மிதி" என்றான். அவள் மிதித்தாள். கியரைப் போட்டான். "விடு. மெல்ல... மெல்லடி!" வேன் குதித்து அணைந்தது. மூன்று தரம் அணைந்தது. மூன்று தரமும் கந்தப்பன் வைதுகொண்டே ஹேண்டிலைச் சுற்றினான். நாலாம் தரம் அது அசைந்து, வாசலைத் தாண்டி, வண்டித்தடத்தில் இறங்கிற்று. பின்னால் பாவாயி இரண்டு தண்ணீர்க் குடங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மிதி! விடு! அட, உங்கொப்பன் ஊட்டுக் கிளச்சா அது!" என்று அவன் கத்திக்கொண்டே போனான். வாய்க்கால் பாலம் வரைக்கும் போய், தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்கப்புறமும் அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. ஆவணியில் அப்படி ஒரு நாள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், நின்றுபோன ஆயில் எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். வேனை எழுப்பின ஆள் இந்த வீடுதானே என்று கேட்டார்.

"ஏனுங்க, ஆள் வந்திருக்குது" என்றாள் கமலவேணி.

வெளியே மாடுகள் கழுத்தை ஆட்டிக்கொண்டு நின்றன.

"எறக்கி வெக்கச் சொல்லு" என்றான் சுவரைப் பார்த்தபடியே. "வாரேன்."