துண்டு போட்ட கணினி

நாட்டிலுள்ள ஆறு பெரிய கணினிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைத்து, எந்த ஊர் விஞ்ஞானியும் எந்த ஊர்க் கணினியிலும் கணக்குப் போடலாம் என்று ஏற்பாடு செய்ய எங்களுக்கு இரண்டரை வருடம் ஆனது. கம்பி பதிக்க நான்கு மாதம். மீதிக் காலம் எதற்கு என்று கேட்காதீர்கள், சொல்ல ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது. சுவரில் மாட்டிய பெரிய திரையில் ஆறு மையங்களின் சின்னங்களை எந்த வரிசையில் போடுவது என்பதற்கு மட்டும் எட்டு மாதம்.

அகர வரிசையில் போடலாம் என்றார் ஒருவர். அவர் மையத்தின் பெயர் 'அ'வில் தொடங்குகிறது. வயது வரிசை என்றார் இருப்பதிலேயே பழைய மையத்துக்காரர். வட்டமாகப் போடுங்கள், சண்டை தீர்ந்துவிடும் என்று நான் சொன்னேன். வட்டத்தின் உச்சியில் யார் என்று இன்னும் இரண்டு மாதம் போனது.

அந்த ஆறு மையங்களில் ஒன்றில் நான் பொறியாளர். எந்த வேலை எந்தக் கணினியில், எப்போது ஓட வேண்டும் என்ற விதிகளை மென்பொருளாக எழுதியவளும் நான்தான். எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் ரிப்பன். கத்தரிக்கோலைக் கண்டால் அவருக்குக் கை துறுதுறுக்கும். ஏசியின் வடிகட்டியை மாற்றியதற்குக்கூட ஒருமுறை ரிப்பன் வெட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்ட மனிதர்.

கூட்டங்களில் ஆளாளுக்கு தேசம், கூட்டு ஆராய்ச்சி என்று வாய் கிழியப் பேசுவார்கள். தேநீர் இடைவேளையில் ஒவ்வொருவராக வந்து என் காதைக் கடிப்பார்கள். "நம்ம மெஷின்ல நம்ம ஆளுங்களுக்குத்தான் முதல் இடம், பாத்துக்கோங்க." ஆறு பேரும் இதையே சொன்னதால் அதுவே விதியாகிவிட்டது. உள்ளூர் ஆள் இடம் கேட்டால், அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வெளியூர் வேலையை அரை நிமிடத்தில் வெளியே தள்ள வேண்டும். அதன் கோப்புகளையும் அங்கேயே துடைத்துவிட வேண்டும். துடைப்பது ரிப்பனின் சொந்த யோசனை. "விருந்தாளி போனப்புறம் அவங்க பெட்டி நம்ம வீட்ல எதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதிக்கொடுத்தேன்.

விதி வந்த மறுமாதமே துண்டு போடுவது தொடங்கிவிட்டது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். நாளைக்குத் தேவைப்படும், அடுத்த வாரம் தேவைப்படும் என்று ஒன்றுமே செய்யாத ஒரு நிரலை ஓடவிட்டுக் கணினியை மடக்கி வைத்துக்கொள்வார்கள். அந்த நிரலில் இருப்பது ஒரே வரி: தூங்கு. பத்து நாள் தூங்கு. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் மண்டையைக் குடைந்து எழுதிய நிரல் அது. ஒரு கட்டிடம் நிறைய இயந்திரங்கள், குளிர்காற்று உறும, மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு தூங்கின. கணக்குப் போட்டாலும் தூங்கினாலும் சுவர்த் திரையில் நிறம் பச்சைதான். நூறு சதவீதப் பயன்பாடு என்று காட்டியதும் அமைச்சகத்திலிருந்து வந்தவர்கள் கைதட்டினார்கள். வர வர, கூச்சநாச்சம் இல்லாமல் அடுத்த ஊர்க் கணினியிலும் துண்டு போட ஆரம்பித்தார்கள்.

என் அக்கா கடலோர ஊர் ஒன்றில் சின்னக் கல்லூரிப் பேராசிரியை. புயல் அடித்தால் ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கணக்கிடுவது அவள் துறை. அந்த ஊரில் புது மருத்துவமனை கட்டப் போகிறார்கள். ஆற்றோரத்திலா, மேட்டிலா என்று வெள்ளிக்கிழமை ஒரு குழு முடிவு செய்ய இருந்தது. ஆற்றோரம் குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போயிருந்தது, பார்க்க அழகு. பெரிய புயலில் அங்கே தரைத்தளம் முழுக்க மூழ்கும் என்பது அக்காவின் சந்தேகம். தரைத்தளத்தில்தான் பிரசவப் பிரிவு வருகிறது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு குழுவிடம் பேச முடியாது, எண் வேண்டும். கல்லூரிக் கணினியில் அந்தக் கணக்குக்கு ஒன்றரை வருடம் ஆகும். எங்கள் இணைப்பில் பன்னிரண்டு நாள்.

அவளைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த இணைப்பே. கூட்டத்துக்குப் பதின்மூன்று நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை காலையில், அவள் வேலை ஆறு மையங்களில் ஒன்றான மலை மையத்தின் கணினியில் ஓடத் தொடங்கியதை நானே பார்த்தேன். வியாழக்கிழமை காலையில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு எண் கையில் இருக்கும்.

ஒன்பது நாள் முடிந்த திங்கட்கிழமை காலையில், மலை மையத்துப் பொறியாளர் போன் செய்தார்.

"மேடம், எங்க டைரக்டரோட மருமகன் நாளைக்கு மெஷின் பாக்க வர்றாராம். இப்பவே துண்டு போடச் சொல்லிட்டார். உங்க அக்கா வேலை எதோ ஓடுதுன்னீங்களே, அதான் சொன்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகன் வேடிக்கை பார்க்க ஒரு ஊரே மூழ்க வேண்டுமா? கோப்புகளைத் துடைக்குமுன் எனக்கு ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள் என்று அவரிடம் சொல்லி, போனை வைத்த கையோடு முடிவு செய்தேன். அங்கே துரத்தினால் அவள் வேலை வந்து உட்கார இங்கே இடம் வேண்டும். நானும் ஒரு துண்டு போட்டேன். வாழ்க்கையில் முதல் துண்டு. பத்து நாள் தூங்கு.

திரையில் ஒரு வரி வந்தது: வெளியூர் வேலை ஒன்று வெளியேற்றப்படும், சம்மதமா? யாருடையது என்று அது சொல்லாது. பெயரை மறைக்கச் சொன்னதும் இயக்குநர்கள்தான். ஒரு கட்டளை தட்டினால் எனக்குத் தெரிந்திருக்கும். எவனோ ஒரு சோம்பேறி போட்ட துண்டாகத்தான் இருக்கும் என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு சம்மதம் என்று அழுத்தினேன். அரை நிமிடம். கோப்புகளும் துடைக்கப்பட்டன.

பத்து நிமிடத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"என்னடி, ஒரு மெயில் வந்திருக்கு. என் வேலையை நிறுத்திட்டாங்களாம்."

"தெரியும்க்கா. மலை மையத்துல ஒரு மருமகன் வர்றானாம். நீ கவலைப்படாத, இங்க உனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். விட்ட எடத்துலேர்ந்து ஓட்டிடலாம்."

"மலை மையமா? ஞாயித்துக்கிழமை அங்க பராமரிப்புன்னு, அதுவா உங்க மெஷினுக்கு மாத்திடுச்சுன்னு இதுல போட்டிருக்கே."

பராமரிப்பு என்றால் வேலையை மூட்டை முடிச்சோடு பத்திரமாக அடுத்த மையத்துக்கு அனுப்பு, யாருக்கும் தகவல் அனுப்பித் தொந்தரவு செய்யாதே என்பதும் நான் எழுதிய விதிதான்.

அவள் நிதானமாக வாசித்தாள். "காரணம், உள்ளூர்ப் பயனருக்கு முன்னுரிமை. உள்ளூர் வேலையின் பெயர், தூங்கு. பயனர்..." நிறுத்தினாள். "உன் பேர் இருக்குடி."

"உனக்காகத்தான்க்கா போட்டேன்."

"கோப்பெல்லாம் இருக்குல்ல?"

இல்லை என்று சொன்னேன். அவள் கரித்துக்கொட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சரி, முதல்லேர்ந்தாவது ஆரம்பிச்சு வை. வெள்ளிக்கிழமைக்கு உதவாது. பிறகாவது அவங்க மூஞ்சில காட்டலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

துண்டை எடுக்கப் போன நேரத்தில் ரிப்பன் உள்ளே வந்தார். சுவர்த் திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார். எங்கள் மையம் அன்று நூறு சதவீதம்.

"பிரமாதம்மா! சனிக்கிழமை பெரிய இடத்துலேர்ந்து வர்றாங்க. அதுவரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்."

"சார், இதை எடுத்துட்டு ஒரு வெளியூர் வேலையைப் போடணும். புயல் கணக்கு."

"போட்டா சதவீதம் இறங்குமா?"

"தரவெல்லாம் ஏத்தி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் இறங்கும் சார்."

"அப்ப சனிக்கிழமைக்கு அப்புறம் போட்டுக்கலாமே. புயல் எங்க ஓடிடப் போகுது?"

இத்தனை பேரையும் இத்தனை நாளாக ஏளனம் செய்தவள் நான். அவருக்கு முதுகெலும்பு இல்லை, இவருக்கு மூளை இல்லை என்று கேன்டீனில் உட்கார்ந்து அளந்தவள். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது இரண்டே வார்த்தை.

"சரி சார்."

வெள்ளிக்கிழமை மதியம் சுவர்த் திரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள், மறுநாளுக்காக. என் போனில் அக்காவின் செய்தி வந்தது.

"ஆத்தோரம்தான் முடிவாச்சு. எண் இருக்கான்னு கேட்டாங்க, இல்லைன்னேன். என் வேலை எத்தனை சதவீதம் ஓடியிருக்கு?"

திரையில் எங்கள் சின்னம் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. கீழே நூறு என்று எழுதியிருந்தது. பூஜ்யம் என்று தட்டி அனுப்பினேன்.