குளியலறைக்குக் கலப்பத்து

அக்கரைச் சீமையில், குளுவாங் ஊர்க் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ருக்னுதீன், மனைவி மீரா பீவியை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து கடை மாடியில் குடிவைத்தபோது, மற்ற வியாபாரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கடல் தாண்டி வருகிறவன் பெண்சாதியை ஊரில் விட்டுவிட்டு வருவதுதான் அந்தக் காலத்து வழக்கம். பெண்பிள்ளை வந்தால் பின்னாலேயே வம்பும் வரும் என்றார்கள்.

வம்பு தண்ணீராக வந்தது. ஆண்கள் புழங்கும் கிணற்றடியில் அவள் குளிக்க முடியாது என்று, மாடியின் பலகைத் தளத்திலேயே தடுப்பு வைத்து ஒரு குளியலறை கட்டியிருந்தார். சில மாதத்தில் அது ஒழுக ஆரம்பித்து, கீழே அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் நனைந்து நாறின. கடையாள் ஜமால் தினமும் மூட்டைகளை நகர்த்தியே அலுத்துப்போனான்.

"நீ குளிக்கிற தண்ணி என் கடையைத் தின்னுது. அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிடு. அந்த ரூமைப் பிரிச்சுப் போட்டுடறேன்" என்றார் ருக்னுதீன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க. கொஞ்சம் பஞ்சும் குங்கிலியமும் தேங்காண்ணெயும் மேல அனுப்புங்க" என்றாள் மீரா பீவி.

அவள் வாப்பா ஊரில் தோணி கட்டுகிறவர். பலகைச் சந்தில் பஞ்சுத் திரியை அடித்து இறுக்கி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியப் பிசினை மேலே பூசுவதற்குக் கலப்பத்து என்று பெயர். கடலையே உள்ளே விடாத வேலை, ஒரு தாழித் தண்ணீரையா வெளியே விட்டுவிடும்? ஊருக்குப் போனால் திரும்பி வருவது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். அவளுக்குப் புருஷனைப் பிடித்திருந்தது, ஓயாமல் மழை பெய்யும் இந்த ஊரையும் பிடித்திருந்தது. இரண்டையும் விட்டுவிட்டுக் கப்பலேற அவளுக்கு மனமில்லை.

விரலைச் சுட்டுக்கொண்டு குளியலறைத் தரையைச் சந்து சந்தாக அடைத்தாள். வடிகால் ஓட்டையில் துணி திணித்துத் தண்ணீரை நிரப்பிப் பார்த்தாள். மட்டம் இறங்கவே இல்லை. ஆனாலும் மறுநாள் ஜமால் படிக்கட்டடியில் நின்று, "முதலாளி, திரும்பவும் சொட்டுது" என்று குரல் கொடுத்தான்.

"கப்பலுக்குச் சொல்லிட்டேன்" என்றார் ருக்னுதீன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையை அடைத்துவிட்டு ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். அவள் கடைக்குள் இறங்க அந்த ஒரு வேளைதான் தோது. அண்ணாந்து பார்த்தாள். அவள் குளிக்கும் இடத்துக்கு நேர் கீழே பலகை எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. குளியலறை நிலைப்படிக்கு நேர் கீழேதான் கறுத்து ஊறி, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அன்று அவள் குளிக்கவே இல்லை. கடைசியாக உள்ளே போய் வந்தவர் அவள் புருஷன்தான்.

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும்போது, கழுவிய கால் மறுபடி குளியலறைத் தரையில் படக்கூடாது அவருக்கு. அதனால் காலை நிலைப்படிக்கு வெளியே நீட்டி, அங்கேயே தண்ணீரை ஊற்றி, அப்படியே தொழுகைப் பாய்க்குப் போய்விடுவார். வேளை தவறாத மனிதர். படியும் வேளை தவறாமல் நனைந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, கோபம்தான் முந்திக்கொண்டது.

அன்று மாலை அஸர் தொழுகைக்கு அவர் காலை வெளியே நீட்டியபோது, கையிலிருந்த செம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தாதீங்க. கீழ போயி, இந்தப் படிக்கு நேரா அண்ணாந்து பார்த்துட்டு வந்து ஊத்துங்க."

போனார். நெற்றியில் சொட்டிய ஈரத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். அவள் ஒரு ஜோடி கட்டைச் செருப்பை நிலைப்படிக்கு உள்பக்கம் வைத்திருந்தாள்.

"ஒவ்வொரு காலாக் கழுவி இதுல ஏறிக்கங்க. அப்படியே பாய் வரைக்கும் நடங்க. தண்ணி உள்ளயே விழட்டும்."

அவர் உள்ளேயே காலைக் கழுவிச் செருப்பில் ஏறிக்கொண்டார். அவள் மண்டியிட்டு நிலைப்படிச் சந்தில் பஞ்சை வைத்து அடிக்கத் தொடங்கினாள்.

"கப்பலுக்கு வேற சொல்லிட்டேனே" என்று முனகினார் ருக்னுதீன்.

மீரா பீவி தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தக் கப்பலும் ஒழுகுதுன்னா சொல்லி அனுப்புங்க. குங்கிலியம் இன்னும் மிச்சம் இருக்கு."